மூன்று படிகளும் ஒரு மொட்டைப் பெட்டிஷனும்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று யாராவது கேட்டால், என் சமையலறை ஜன்னலிலிருந்து என்று சொல்வேன். அது பாதி உண்மை.

ஜன்னல் காலடிப்பேட்டையில் ஒரு முதல் மாடியில் இருக்கிறது. எதிரே ஒரு வங்கிக் கிளை. நடுவில் ஒரு சாலை. அதில் ஒரு லாரியும் ஒரு மீன்பாடி வண்டியும் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு ஓட்டுநர்களின் குடும்ப வரலாறும் தெருவுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு அகலம்தான். குழம்பு கொதிக்கிற நேரத்தில் வங்கிக்கு யார் வருகிறார்கள், யாரோடு வருகிறார்கள், உள்ளே போன முகத்தோடுதான் வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குத் தெருவில் வேறு பேர் வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவளுக்குக் கவனிப்பு வேண்டாமா என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

மீதிப் பாதி உண்மையை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள்.

வங்கியின் பேரைச் சொல்லப்போவதில்லை. வங்கியோடு வழக்காடிய உள்ளாட்சி அலுவலகத்தை வெறுமனே 'அலுவலகம்' என்றே எழுதப்போகிறேன். வழக்கு எண்ணைத் தேடாதீர்கள், கிடைக்காது, எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுவிட்டேன். படிகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை. மூன்று.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப்பார்த்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "பொது இடத்தில் கட்டப்பட்ட படிகள் தொடர்பாக வங்கிக்கும் உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் இடையே நடந்த வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பானது—"

பேப்பரில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாம் தொடக்கம்: "வங்கக் கடலின் உப்புக் காற்று தவழும் வட சென்னையில்—"

வேண்டாம். இங்கே தவழ்வது என்ன காற்று என்று மணலிப் பக்கம் மூக்கு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: கன்னியம்மா மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள்.

இது இருக்கட்டும். மேலிருந்து எண்ணினால் மூன்றாவது படி. மழைநீர்க் கால்வாயின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிற படி. பதினேழு வருடமாகக் கன்னியம்மா அதில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளைவுட் பலகை, பக்கத்தில் ஸ்டாம்ப் பேடு, மூன்று பேனா. நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றாவது பேனாவை யாருக்கும் இரவல் தரமாட்டாள். எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் வங்கிப் படிவத்தைக் கண்டால் கை உதறுகிறவர்களுக்கும் செலான் எழுதிக்கொடுப்பாள். எண்ணூர்ப் பக்கத்து மீன்கார அம்மாக்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிற துப்புரவுப் பணியாளர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் எல்லோரும் அவளிடம்தான் முதலில் வருவார்கள். இவ்வளவு கொடு என்று அவள் கேட்டதில்லை. சிலர் மீன் கொடுப்பார்கள், சிலர் டீ வாங்கித் தருவார்கள், சிலர் அடுத்த தடவை என்பார்கள். அடுத்த தடவையும் அதையே சொல்வார்கள்.

அவளுடைய பெரிய மாதம் நவம்பர். பென்ஷன்காரர்கள் எல்லோரும் தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டிய மாதம். சின்னப்பையன் என்று ஒருவர் வருவார். பேருக்குத்தான் சின்னப்பையன், வயது எழுபத்தொன்பது. போர்ட்டில் கிரேன் ஓட்டியவர். செல்போனைப் பார்த்துக் கண் சிமிட்டினாலே போதும், உயிர்ச் சான்று வீட்டுக்கே வந்துவிடும் என்று வங்கியில் சொன்னார்கள். சிமிட்டச் சொல்லி மூடிய கண்ணை அவர் திறக்கவில்லை. தூங்கிவிட்டார். மறுபடியும் படிக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, இந்த வருசமும் உசுரோட கீறியா?"

"நீ எய்திக் குட்த்தா கீறேன். இல்லாங்காட்டி இல்ல."

"அப்ப ஒயுங்கா குந்து. கட்ட வெரல நீட்டு. கை ஆடுது பாரு, காலைல டீ குடிக்கலியா?"

"குடிச்சேன் குடிச்சேன். பன்னுதான் வாங்கல."

"தோ, வாங்கிட்டு வரச் சொல்றேன். பன்னு துண்ணாதவன் உசுரோட கீறான்னு பொய் எய்த என்னால ஆவாது."

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். யார் எந்தத் தாளை நீட்டினாலும் கன்னியம்மா முதலில் அதன் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்ப்பாள். "கையெய்த்து எங்க?" என்பாள். கையெழுத்தோ கைநாட்டோ இல்லாத தாளை அவள் கையில் வாங்கமாட்டாள்.

3

சரி. மூன்றாம் பகுதி வந்துவிட்டது.

வங்கியின் படிகள் கால்வாயை மறிக்கின்றன என்று அலுவலகத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போனது. அதிலிருந்துதான் வழக்கு. அதை எழுதியது நான்.

காரணம் ஒரு காலண்டர்.

சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஜனவரி மாதம் யாருக்கு வங்கிக் காலண்டர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை வைத்து அந்த வருடத்துக்கான மரியாதை முடிவாகிறது. பெரிய பெரிய கட்டம் போட்ட காலண்டர் அது. பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், சண்டை போட்ட நாள் எல்லாம் அதில் குறித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அந்தக் கிளையில் கணக்கு உண்டு. புது மேனேஜர், விமல் என்று பேர், தாராபுரம் பக்கத்துப் பையன், "ஸ்டாக் தீர்ந்துடுச்சுங்க மேடம்" என்றார். அவர் இப்படிச் சொன்னபோது ஐஸ் கம்பெனி முதலாளி இரண்டு காலண்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். போன மழைக்கு எங்கள் கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியது ஞாபகம் வந்தது. அந்த மூன்றாவது படி கால்வாய் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? அதனால்தானே தண்ணீர் ஓடவில்லை? எனக்குக் கோபம் வந்தால் பொதுநலம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். கூப்பிடக்கூட வேண்டாம்.

ஒரு முழுத்தாளை எடுத்தேன். ஓரத்துக்குக் கோடு போடமாட்டேன், இடது பக்கம் மடித்துவிட்டு மடிப்புக்கு இந்தப் பக்கம் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் தொலைத்த காலத்துப் பழக்கம். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். மூன்று பத்தி. முடிவில், "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்." பொதுமக்கள் நான் ஒருத்திதான்.

அந்த மூன்று பத்தியில் ஒரு வரிகூடப் படியில் உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி இல்லை. பதினேழு வருடமாக அவளை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் என்ன நிறச் சேலையில் எந்தக் கிழமை வருவாள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எழுதும்போது எனக்குப் படி மட்டும்தான் தெரிந்தது.

மூன்று நாள் கழித்துக் கன்னியம்மா மாடியேறி வந்தாள். கையில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய காலண்டர்.

"இந்தா அக்கா. புது மேனேஜருக்கு ஆள் தெரியாது. கட்டு பிரிக்கும்போதே உனக்குன்னு ஒண்ணு எட்த்து வெச்சிட்டேன். குட்க்கலாம்னு பாத்தா நீ மணலி புதுநகர் பொண்ணு வூட்டுக்குப் பூட்ட."

போட்டுவிட்ட தபாலைத் திரும்ப வாங்க முடியுமா என்று போஸ்ட் ஆபீஸில் விசாரித்தேன். "போய்ச் சேரலேன்னா வாங்கலாம்மா. அனுப்பினவங்க கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் குடுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். விண்ணப்பத்தைக் கையில் வாங்கினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது இன்னும் பையில்தான் இருக்கிறது.

(இப்போது மூடிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். இருக்கிறவர்களுக்கு நன்றி.)

4

மார்ச்சில் அலுவலகம் வங்கிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. பதினைந்து நாளில் படிகளை அகற்ற வேண்டும். கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போதே படிக்கும் வாங்கியாயிற்று என்றது வங்கி. பதினாறாம் நாள் ஜேசிபி வந்தது. அதன் கை மேலே தூக்கி நிற்கும்போதே வங்கியின் வக்கீல் போனில் சொல்லிவிட்டார், ஐகோர்ட்டில் ஸ்டே கிடைத்துவிட்டதாம். ஜேசிபி கையைத் தூக்கினபடியே திரும்பிப் போனது. அடியில், மூன்றாவது படியில், கன்னியம்மா ஒரு அம்மாவுக்குப் பாஸ்புக் தொலைந்த கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பாதிக் கடிதத்தில் எப்படி எழுந்திருப்பது என்று கேட்டாளாம்.

அதன் பிறகு வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. எனக்கு வந்த செய்தியெல்லாம் டில்லிபாபு மூலம் வந்தது. டில்லிபாபு வங்கியின் காவலாளி. அவனிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. அது கடைசியாக எப்போது வெடித்தது என்று துப்பாக்கிக்கே ஞாபகம் இருக்காது. ஆனால் வாய் தினமும் வெடிக்கும். எனக்குப் பிடித்த மனிதன்.

"அக்கா, மேட்டர் தெரியுமா? கோர்ட்ல நம்ம கன்னிம்மாவ இன்னானு எய்திக்கிறானுங்க தெரியுமா? 'அடையாளம் தெரியாத பெண்மணி ஒருவர்'னு எய்திக்கிறானுங்க."

நம்பவில்லை. அவன் காட்டிய நகலைப் பார்த்தபிறகு நம்பினேன். வங்கியின் பிரமாணப் பத்திரம் இப்படிச் சொன்னது: மேற்படி படியில் அடையாளம் தெரியாத பெண்மணி ஒருவர் அமர்கிறார், அவருக்கும் வங்கிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை, ஆக்கிரமிப்பு என்று ஏதேனும் இருந்தால் அது அவரே. அலுவலகம் பதில் போட்டது: அந்தப் பெண்மணி நிரப்புவது வங்கியின் படிவங்களையே, ஆகவே அவர் வங்கியின் ஆள், பொது இடத்தை வங்கி தன் கவுண்டராகப் பயன்படுத்துகிறது.

அவள் உங்கள் ஆள் என்று இவர்கள் அந்தப் பக்கம் தள்ள, இல்லை உங்கள் ஆள் என்று அவர்கள் இந்தப் பக்கம் தள்ள, நடுவில் படி. இந்த வட்டாரத்தில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சர்க்காருக்கு வருடா வருடம் எழுதிக்கொடுத்தவள் அடையாளம் தெரியாதவள் ஆகிவிட்டாள்.

(இந்த இடத்தில் விமலைக் கெட்டவனாக்கிவிடலாம் என்று நினைத்தேன். கதைக்கு வசதி. கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். ஆனால் அன்று மதியம் அவர் வெளியே வந்து படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வக்கீல் எழுதினாருங்கக்கா. நான் படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். காது சிவந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் கையெழுத்துப் போடாமல் எழுதினேன். யார் யாருக்குக் கண்ணாடி மாட்டுவது?)

5

இந்தப் பகுதியில் என் பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை.

கோர்ட்டுக் காகிதக் கட்டில் என் பெட்டிஷனின் ஜெராக்ஸும் வந்துவிட்டது. வட்டாரத்தில் யார் கையெழுத்தாக இருந்தாலும் கன்னியம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று விமலுக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

முதல் பிரதியில், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் பிரதியில், அவள் தெருவில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள் என்று எழுதினேன். அதுவும் ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் கத்துவாள், அப்புறம் தொண்டை காய்ந்து வீட்டுக்குப் போய்விடுவாள். நடந்தது இரண்டும் இல்லை. டில்லிபாபு சொன்னதை அவன் சொன்னபடியே தருகிறேன்.

"அந்தப் பேப்பர வாங்கி அப்டியே பாத்துக்கினு இருந்தா அக்கா. எய்த்தப் பாக்கல. இந்த ஓரமா வெரல வெச்சி மேலேந்து கீய வரைக்கும் ஒரு இய்ப்பு. ஜெராக்ஸ்ல கோடாட்டம் ஒண்ணு தெரிஞ்சிது, மடிச்ச மாதிரி. 'யாருன்னு தெரியுதா'ன்னு மேனேஜர் கேட்டாரு. 'தெர்ல சார், எவனோ பீச்சாங்கைக்காரன்'னு சொல்ட்டு வந்துட்டா."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். ஆனா அப்பறம் அர மணி நேரம் யாருக்கும் செலான் எய்தலக்கா. ஆளுங்க நின்னுகினு கீறாங்க, இவ உன் ஜன்னலையே பாத்துக்கினு குந்தினுகீறா. இன்னாக்கா, எதனா பிரச்சனயா உங்களுக்குள்ள?"

"ஒன்றுமில்லை" என்றேன். டில்லிபாபுவுக்கு நான் மறைத்த முதல் செய்தி அதுதான்.

அவளிடம் நான் நீட்டிய தாள்கள் எத்தனை! கணக்கு மாற்றக் கேட்ட கடிதம், கேஸ் மானிய விண்ணப்பம், என் மகளின் கடனுக்கு எழுதிய ஜாமீன் கடிதம். எல்லாம் இடது பக்கம் மடித்தவை.

மறுநாள் ஜன்னல் பக்கமே போகக்கூடாது என்று இருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"அக்கா! எதிர்வூட்டக்கா! கொயம்பு தீயுது, வாசன இங்க வருது!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். எட்டிப்பார்த்தேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

6

விசாரணையின் கடைசிக் கட்டத்தில் நீதிபதி அம்மா இரண்டு வக்கீல்களையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்கள். "ரெண்டு பேரும் ஒரு வருஷமா இந்தப் பெண்மணியைப் பத்திப் பேசறீங்க. அவங்களை யாராவது கேட்டீங்களா?" இருவரும் காகிதத்தைப் புரட்டினார்களாம். அவளையும் வழக்கில் சேர்த்து, இலவசச் சட்ட உதவியில் தவ்ஃபீக் என்ற இளம் வக்கீலையும் போட்டார்கள்.

"நீ வா அக்கா" என்றாள் கன்னியம்மா. "நீ எய்தறவ. எனக்கு அங்க எதனா தெரியலன்னா சொல்லு."

பாரிமுனைக்கு பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம். ராயபுரம் தாண்டியதும் அவள் முறுக்கு எடுத்துக்கொடுத்தாள். முறுக்கு வாயில் இருந்தால் பேச வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

கோர்ட்டு வராந்தா பெஞ்சில் தவ்ஃபீக் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கன்னியம்மா மடியில் பையை வைத்து அதன்மேல் வைத்து எழுதினாள். பேர், வயது, கணவர் பேர், விலாசம். கடகடவென்று போன பேனா 'தொழில்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டது.

"அக்கா, இதுல இன்னா எய்த?"

எழுத்தர்? அது சர்க்கார் உத்தியோகம். உதவியாளர்? யாருக்கு? கூலி? சீ. சமூக சேவை என்று சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சமூக சேவைன்னா மால போட்டு போட்டோ எட்த்துருப்பாங்களே அக்கா! ஊர்ல எல்லாருக்கும் இந்தக் கட்டத்த ரொப்பிக் குட்த்துருக்கேன். மீன் யாவாரம், துப்புரவு, ரிட்டயர்டு. எனக்குன்னு வர்சொல்ல பேனா நிக்குது பாரு."

கட்டம் காலியாகவே உள்ளே போனது. நீதிபதி அம்மா அதைத்தான் முதலில் பார்த்தார்கள். "தொழில்னு போட்ட இடம் காலியா இருக்கேம்மா?"

கன்னியம்மா எழுந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பேரு தெரியாதுங்கம்மா. அவுங்க சொல்வாங்க, நான் எய்துவேன். நேரா உள்ள போவ பயப்படுவாங்க. கைல எய்தின பேப்பரு இருந்தா தெகிரியமா போவாங்க. அந்தப் படிய வுட்டா எனக்கு வேற எடம் இல்லீங்க. எனக்கு எடம் இல்லன்னாலும் பரவால்ல, அவுங்க எங்க வருவாங்க?"

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று, 'அம்மா, அந்த மனுவை எழுதியது நான்தான்' என்று சொன்னதாக ஒரு பிரதி உண்டு. ரொம்ப நன்றாக வந்திருந்தது. கோர்ட்டே அமைதியானது, தவ்ஃபீக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், கன்னியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள், அவள் கண்ணில்—

அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

7

தீர்ப்பு செப்டம்பரில் வந்தது. தவ்ஃபீக் படிக்கே வந்து தமிழில் சொன்னார். கால்வாய் கால்வாய்தான், ஆகவே மூன்றாவது படி போக வேண்டும். இதில் அலுவலகத்துக்கு வெற்றி. ஆனால் எழுதத் தெரியாதவருக்கும் வங்கிக்குள் வழி உண்டு, அவருக்கு எழுதித் தருகிறவரின் இடம் அந்த வழியில் ஒரு பகுதி, அது யாரும் போடுகிற பிச்சை அல்ல. ஆகவே வங்கி தன் கட்டடத்துக்குள்ளேயே அவளுக்கு மேசையும் நாற்காலியும் தர வேண்டும். இந்த வங்கி மட்டுமில்லை, இதேபோல் படியில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிற ஒவ்வொரு கிளையும். பேப்பர்கள் 'வரலாற்றுச் சிறப்பு' என்று எழுதியது இதைத்தான்.

தீர்ப்பில் இன்னும் இரண்டு வரி இருந்தது, எந்தப் பேப்பரும் போடவில்லை. 'அடையாளம் தெரியாத பெண்மணி என்ற சொற்கள் பதிவிலிருந்து நீக்கப்படுகின்றன. அவர் பெயர் கன்னியம்மா. தொழில், எழுதித் தருபவர்.'

கன்னியம்மா இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எய்தித் தர்றவ. அவ்ளோதான. இத்த நீ சொல்லக் கூடாது? சமூக சேவையாம்."

மூன்றாவது படியை இடித்த அன்று அவள் டில்லிபாபுவின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். உடைந்ததில் ஒரு சில்லை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கால்வாயிலிருந்து ஒன்பது செருப்பும் ஒரு குக்கர் மூடியும் வந்தன. மூடி எங்கள் வீட்டுடையது.

அங்கே முடித்திருக்கலாம். பேப்பர்கள் அங்கேதான் முடித்தன.

8

மேசையும் நாற்காலியும் வந்தன, டோக்கன் மெஷினுக்குப் பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே. கன்னியம்மா போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் ஒருவர்கூட அவளிடம் வரவில்லை.

அவளுடைய ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். மீன்கூடையை எங்கே வைப்பது? ஷிஃப்ட் முடிந்து வந்த உடம்போடு கண்ணாடிக் கதவைத் தள்ளலாமா? தள்ளினால் யாராவது மூக்கைப் பொத்துவார்களா? கதவுக்கு வெளியே நின்று சின்னப்பையன் உள்ளே கை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். கப்பலில் போகிறவளை வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

"ஐகோர்ட்டே குட்த்த சேரு அக்கா" என்றாள் என்னிடம், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "குந்தி நடுங்கிகினு கீறேன்."

முடிவுகள் இரண்டு மூன்று கைவசம் இருந்தன. அவள் அங்கேயே காத்திருக்கிறாள், மெதுமெதுவாக மக்கள் கதவைத் தள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். இது அரசு விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். அல்லது அவள் பலகையைக் கட்டிக்கொண்டு வீட்டோடு போய்விடுகிறாள், நான் ஜன்னலில் அழுகிறேன். இதில் அழுகிற வேலை எனக்கு வந்துவிடுகிறது, அது நியாயமில்லை.

நான்காம் நாள் நானே பார்த்தது: கன்னியம்மா நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே போட்டாள். கதவு மூடாமல் இருக்க டில்லிபாபு தன் முதுகைக் கொடுத்து நின்றான். ஏசிக் காற்று தெருவுக்கு வந்தது. விமல் எழுந்து வந்தார்.

"அக்கா, ஏசி எல்லாம் வெளிய—" என்று ஆரம்பித்தவர் வெளியே பார்த்தார். இரண்டு படிகளிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கூடைகளும் இருந்தன. அவர் உள்ளே போனார். ஒரு கனமான கட்டைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பிரிக்காத கட்டு. போன வருடக் காலண்டர். அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார்.

தீர்ந்துவிட்டது என்று என்னிடம் சொன்ன ஸ்டாக்.

கன்னியம்மா அந்தக் கட்டைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது நாற்காலி ஐகோர்ட்டு சொன்னபடி வங்கிக்குள்தான் இருக்கிறது. அவள் கால்தான் வெளியே இருக்கிறது. கேட்க வருகிறவர்கள் இரண்டாவது படியில் நின்று கேட்கிறார்கள். கையில் எழுதிய தாள் கிடைத்ததும் அவளைத் தாண்டி உள்ளே போகிறார்கள். மழைக்குக் கால்வாய் ஓடுகிறது. எங்கள் கீழ்வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. நான் எழுதிய மனுவில் அந்த ஒரு விஷயம் சரியாகத்தான் இருந்தது என்பதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை.

9

மறுபடியும் நவம்பர். இந்தக் கதையை எட்டாம் பகுதி வரைக்கும் எழுதி முடித்தேன். மடிப்பு வைத்த தாளில், வலது கையால். எடுத்துக்கொண்டு கீழே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சின்னப்பையன். அவர் இந்த வருடமும் உயிரோடுதான் இருந்தார், எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

கன்னியம்மா நிமிராமல் கையை நீட்டினாள். தாள்களைக் கொடுத்தேன். இடது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தரம் இழுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"இன்னா அக்கா இது?"

"கதை. அந்தப் படியைப் பற்றி. எல்லாம் எழுதியிருக்கிறேன், கன்னியம்மா. எல்லாமே. படி."

அவள் படிக்கவில்லை. கடைசித் தாளைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள்.

"கையெய்த்து எங்க?"

"கதைக்கெல்லாம் யாரும் கையெழுத்துப் போடறதில்லை."

"கதயோ மனுவோ. கையெய்த்து இல்லாத பேப்பர நான் கைல வாங்கறதில்ல, உனக்குத் தெரியுமில்ல?" தாள்களைப் பலகையின் மேல் வைத்து என் பக்கம் திருப்பினாள். யாருக்கும் இரவல் தராத அந்த மூன்றாவது பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நீட்டினாள். குரல் தணிந்தது. "எந்தக் கைல வேணாப் போடு அக்கா. போட்டுக் குடு. அப்பால வூட்டுக்கு எட்த்துனு போய்ப் படிக்கிறேன்."

பின்னால் ஏழு பேர் நின்றார்கள். கூடையோடு இருந்த ஒரு அம்மா, "ஜல்தியா போடும்மா, மீனு வெயில்ல காயுது" என்றாள். டில்லிபாபு, அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்துத் துப்பாக்கியோடு இரண்டடி கிட்டே வந்துவிட்டான். நான் போட்டால் இன்று சாயங்காலத்துக்குள் தேரடி வரைக்கும் சேதி போய்விடும். போடாவிட்டாலும் போய்விடும்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். கனமான பேனா.

இந்தத் தெருவில் எத்தனையோ பேருடைய பேரைச் சொல்லிவிட்டேன், என் பேரை எங்கும் சொல்லவில்லை என்று நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். தலைப்புக்குக் கீழே இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, மீன்கார அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். போட்டேனா, எந்தக் கையால் போட்டேன், வாசித்துவிட்டு மறுநாள் காலையில் அவள் என் ஜன்னலைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,